முப்பது மீட்டர் லெவல் டியூபில் ஒரு சாண் கொந்தளிப்பு

மே மாதம் எங்கள் பட்டறையில் வேலை குறைவு. ஆற்றில் தண்ணீர் இருக்காது. கோடை நெல் போட்டவர்களின் போர் மோட்டார் அவ்வப்போது கருகி வரும். காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயப்போட்டால் அன்றைய பிழைப்பு முடிந்தது. அப்படி ஒரு மதியம்தான் பிளஸ் ஒன் பரீட்சை முடித்திருந்த அக்கா மகள் இயற்பியல் புத்தகத்தோடு வந்தாள்.

"மாமா, ரெனால்டு எண் ஆயிரத்துக்குக் கீழ இருந்தா வரிச்சீர் ஓட்டம், இரண்டாயிரத்துக்கு மேல போனா சுழற்சி ஓட்டம்னு போட்டிருக்கு. 1999-லேர்ந்து 2001-க்குப் போனா என்ன ஆகும்? குழாய் முழுக்க ஒரே நேரத்துல மாறிடுமா?"

பாலிடெக்னிக்கில் படித்த தைரியத்தில் "ஆமா" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் ஆயிற்று. செலவு, ஒரு மோட்டார் கட்டுகிற கூலிக்குக் கொஞ்சம் குறைவு.

முதலில் அந்த எண். குழாயில் ஓடும் வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் பிசுபிசுப்பால் (அடர்த்தியால் வகுத்த பாகுநிலை) வகுத்தால் வருவது. எண் சிறிதாக இருந்தால் பிசுபிசுப்பின் கை ஓங்கியிருக்கும். தண்ணீர் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிப் போகும். பெரிதானால் சுழன்று புரண்டு கொந்தளித்துப் போகும். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கண்ணாடிக் குழாயில் சாய இழை விட்டுக் காட்டினார். அதையே நம் ஊர்ச் சாமான்களால் செய்து பார்ப்பது என்று முடிவு.

கண்ணாடிக் குழாய்க்கு எங்கே போவது? எங்கள் தெருக் கொத்தனார் வழி சொன்னார்: லெவல் டியூப். வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். கொத்தனார் ஒரு மூலையிலும் சித்தாள் இன்னொரு மூலையிலும் முனையைப் பிடித்து மட்டம் எடுப்பார்களே, அந்த ஒளி ஊடுருவும் டியூப். புது ரோலாக 30 மீட்டர் வாங்கினேன். வேலை முடிந்ததும் டியூப் தனக்கு என்று அவர் கடையிலேயே சொல்லி வைத்துவிட்டார்.

கடைக்காரர் உள்விட்டம் 10 மில்லிமீட்டர் என்றுதான் கொடுத்தார். இந்த மாதிரி அளவுகளை நான் நம்புவதில்லை. 10 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிரப்பி, வடித்து அளந்தேன்: 740 மில்லி லிட்டர். கணக்குப் போட்டால் உள்விட்டம் 9.7 மில்லிமீட்டர். இதை ஆரம்பத்திலேயே செய்துவிடுவது நல்லது, பின்னால் எல்லாக் கணக்கும் இதன் தலையில்தான் உட்காரும். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் இந்த டியூபுக்கு ஒரு சுருக்கு வழி கிடைத்தது. ஒரு லிட்டர் ஜக் நிரம்ப எத்தனை நொடி ஆகிறதோ, அதனால் 1,64,000-ஐ வகுத்தால் ரெனால்ட்ஸ் எண். 82 நொடி என்றால் சரியாக 2000. வேகம் நொடிக்கு 16, 17 சென்டிமீட்டர். தவழும் குழந்தை முந்திவிடும்.

முதல் முயற்சியில் சோம்பேறித்தனம் பண்ணினேன். டியூபை ரோலாகவே விட்டுவிட்டு ஒரு முனையை ஸ்டூல் மேல் வைத்த வாளியில் செருகினேன். குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்றில் சொட்டு நீலத்தை ஊற்றி, அதன் ஊசியை டியூபின் வாயில் நிறுத்தினேன். அதிலிருக்கும் உருளைக் கிளிப்பால் சாயம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விடலாம், இதற்கென்றே செய்தது போல் இருந்தது. நீல இழை அழகாகப் போயிற்று. வேகத்தைக் கூட்டினேன். இழை உடையவில்லை. இன்னும் கூட்டினேன். 50 நொடியில் ஒரு லிட்டர், எண் 3,280. இழை சுருளின் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி ஒதுங்கியதே தவிர, கலையக் காணோம். அக்கா மகள் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

புத்தகத்தில் தப்பில்லை. வளைந்த குழாய் கொந்தளிப்பை அடக்கும். இதை இங்கிலாந்து இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1929-லேயே அளந்திருக்கிறார். வளைவில் தண்ணீர் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, குறுக்கே ஒரு மெல்லிய சுழற்சி ஏற்படுகிறது. அந்தச் சுழற்சி இருக்கும்வரை கொந்தளிப்பு தலையெடுக்க இன்னும் பெரிய எண் தேவைப்படும். என் ரோல் மாதிரி இரண்டடி அகலச் சுருள் என்றால் 5,000 தாண்ட வேண்டும். பெங்களூரில் படித்து அமெரிக்கா போன கே.ஆர். ஸ்ரீனிவாசன், ஸ்ட்ரைகோவ்ஸ்கியோடு சேர்ந்து 1983-இல் இன்னொன்றும் காட்டினார்: நேர்க்குழாயில் கொந்தளித்து வரும் நீர் சுருளுக்குள் நுழைந்ததும் அமைதியாகிவிடும். கடைசி நாளில் நானும் டியூபின் கடைசி ஐந்து மீட்டரைச் சுருட்டிப் பார்த்தேன். உண்மைதான்.

ஆக, நேராக விரிக்க வேண்டும். முப்பது மீட்டருக்கு நேரான, சமமான இடம் ஊரில் ஒன்றே ஒன்று, பொதுக் களம். அறுவடை இல்லாத நாளில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆடுகளைத் தவிர. கொத்தனார் நூல் பிடித்தார். வயரிங்குக்குப் போடும் பிவிசி பட்டியை நூலோடு ஒட்டிப் போட்டு அதற்குள் டியூபைப் படுக்க வைத்தோம். ஒரு முனையில் 200 லிட்டர் நீல டிரம், நான்கு ஹாலோ பிளாக் மேல். அடியில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள். டிரம்முக்குள் டியூபின் வாய்க்கு, கழுத்தோடு வெட்டிய தண்ணீர் பாட்டில். ரெனால்ட்ஸ் தன் குழாய்க்கு மரத்தில் எக்காள வாய் கடைந்து வைத்திருந்தார். நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, அதன் விரிந்த வாயான அணசு ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். பாட்டில் கழுத்தே போதுமாக இருந்தது. வாய் விளிம்பு கூர்மையாக இருந்தால் நுழைவிலேயே தண்ணீர் கலைந்துவிடும், அதற்காகத்தான் இந்த மெனக்கெடல். இதே ரெனால்ட்ஸ் கருவியில் பின்னாளில் எக்மன் என்ற ஆய்வாளர் பொறுமையாக வேலை செய்து எண் 40,000 வரை கொந்தளிக்காமல் ஓட்டியிருக்கிறார். நுழைவை அவ்வளவு சுத்தமாக வைத்தால் நேர்க்குழாயில் சீரான ஓட்டம் தானாக உடையாது. யாராவது ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

அந்தத் தட்டுக்காக, வாயிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி டியூபின் சுவரில் ஒரு சிரிஞ்ச் ஊசியைக் குத்தி எம்-சீல் வைத்து அடைத்தேன். அந்த இரண்டு மீட்டர் கண்மதிப்பில் வைத்ததல்ல. உள்ளே நுழைந்த தண்ணீர் நடுவில் வேகம், ஓரத்தில் மெதுவு என்ற தன் முழு வடிவத்தை அடைய இந்த டியூபில் ஒரு மீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

சரி, எல்லாம் தயார் என்று வாயைத் திறந்துவிட்டால் ஓட்டம் நிலையாக நிற்கவில்லை. ஜக் ஒருமுறை 74 நொடியில் நிரம்புகிறது, அடுத்து 82, அடுத்து 77. டியூபின் மறுமுனையில் தண்ணீர் விழும் வளைவே கூடிக் கூடிக் குறைந்தது, வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ஃபேன் ஓடுகிற மாதிரி. அரைநாள் டிரம்மைத் திட்டினேன். பிறகு புரிந்தது. நான் டிரம்மில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்து, டியூபின் உரசலை மட்டுமே நம்பி வேகத்தைக் கட்டுப்படுத்தியிருந்தேன். டியூபுக்குள் கொந்தளிப்பு பிறந்தால் உரசல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஓட்டம் குறையும். குறைந்தால் கொந்தளிப்பு சாகும். செத்தால் உரசல் இறங்கி ஓட்டம் கூடும். மறுபடி பிறக்கும். இந்த ஊஞ்சலை நிறுத்த, டியூபின் கடைசி முனையைக் களத்து விளிம்பிலிருந்து மூன்றடி கீழே வாய்க்காலுக்குள் இறக்கி, அங்கே ஒரு திருகு குழாய் போட்டு, டிரம்மை முழுக்க நிரப்பினேன். இப்போது மொத்த உயரம் ஐந்தடிக்கு மேல். 30 மீட்டர் டியூபும் சேர்ந்து தின்பது 14 சென்டிமீட்டர் உயரம்தான், மீதியைத் திருகு தின்றுவிடும். உள்ளே என்ன நடந்தாலும் ஓட்டம் அசையாது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருகு கடைசியில்தான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் அதுவே தண்ணீரைக் கலைத்துவிடும்.

அடுத்தது சாயம் செய்த துரோகம். சிரிஞ்சைத் தட்டினேன், நீல இழை உடைந்து டியூப் முழுக்க நீலமாகப் பரவியது. அக்கா மகள் கைதட்டினாள். நீலம் அப்படியே முப்பது மீட்டரும் போய் விழுந்தது. வேகத்தைக் குறைத்துத் தட்டினோம். அப்போதும் நீலம் முனை வரைக்கும் போயிற்று. 1,700-இலும் போயிற்று. எப்படித் தட்டினாலும் கொந்தளிப்பு சாகவே சாகாது போலிருந்தது. "மாமா, கலந்தது கலந்ததுதானே? உள்ள சுழல் நின்னுட்டாலும் நீலம் திரும்பப் பிரியாதே" என்றாள். அவ்வளவுதான் விஷயம். சாயம் நடந்ததைச் சொல்லும், நடப்பதைச் சொல்லாது. மூன்று நாள் குறிப்பைக் கிழித்துப் போட்டேன்.

நடப்பதைக் காட்ட அலுமினியப் பொடி. சில்வர் பெயிண்ட் கலக்க ஹார்டுவேர் கடையில் விற்பது. அது சின்னச் சின்னத் தகடுகள். ஓட்டம் சீராக இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் படுத்துப் பட்டுப்புடவை மாதிரி வழவழவென்று தெரியும், சுழல் இருக்கும் இடத்தில் திரும்பித் திரும்பி மினுக்கும். நேரே தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே இருக்கும், உள்ளே இறங்காது. ஒரு சொட்டு ஷாம்பூவில் குழைத்துவிட்டுக் கரைக்க வேண்டும். குழைக்கும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அந்தத் தூள் பற்றிக்கொள்ளும். பட்டியின் வெள்ளைப் பின்னணியில் ஒன்றும் தெரியவில்லை, உள்ளே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நீளத்துக்கும் ஒட்டினேன். காற்றுக் குமிழ் பெரிய தொல்லை. போர் தண்ணீரை முதல் நாளே நிரப்பி இரவு முழுக்க ஆறவிட்டால் குறையும்.

மறுநாள் விடிகாலை. ஜக் 80 நொடி. அக்கா மகள் சிரிஞ்சைச் சட்டென்று அழுத்தினாள். டியூபுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு மினுமினுப்பு ஒன்று பிறந்து நகர ஆரம்பித்தது. முன்னால் அமைதி, பின்னால் அமைதி, நடுவில் ஒரு சாண் கொந்தளிப்பு! பின்முனை கத்தியால் வெட்டியது போல் இருந்தது. முன்முனை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முடிந்தது. நாங்கள் மூவரும் அதன் கூடவே நடந்தோம். முப்பது மீட்டரை அது கடக்க மூன்று நிமிடம். ஒரு அடி வைப்பது, நிற்பது, ஒரு அடி வைப்பது. திருவாரூர் ஆழித்தேருக்குப் பின்னால் நடந்த ஞாபகம் வந்தது எனக்கு. கொத்தனார் மட்டும், "என்ன தம்பி, மண்புழு மாதிரி போவுது" என்றார். அவர் சொன்னதுதான் பொருத்தம்.

குழாய் முழுக்க ஒரே நேரத்தில் மாறுமா என்று கேட்டாளே, அதற்குப் பதில் அந்தப் புழு. இந்த எல்லையை ஒட்டிக் கொந்தளிப்பு துண்டு துண்டாகத்தான் உயிர் வாழ்கிறது. ரெனால்ட்ஸே இதைப் பார்த்திருக்கிறார், மின்னி மறைவதாகக் குறித்திருக்கிறார். விக்னன்ஸ்கி, ஷாம்பெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-இல் இவற்றைத் தனியே பிரித்து அளந்தார்கள். நான் திட்டு என்றே சொல்கிறேன்.

இனி எண்ணிக்கைதானே என்று நினைத்தேன். 83 நொடியில் வைத்துக் காலையில் தட்டிய திட்டுகள் எல்லாம் வழியிலேயே செத்தன. நான்கு மீட்டரில் ஒன்று, ஒன்பது மீட்டரில் ஒன்று. மதியம் வெயிலோடு வந்து அதே 83 நொடியில் தட்டினால் திட்டு சாகவில்லை. பாதி வழியில் அதன் முன்னால் இன்னொரு குட்டித் திட்டு முளைத்தது! கடைசிக்குப் போகும்போது மூன்று. சில தடவை மூன்றும் ஒட்டிக்கொண்டு இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரே மினுமினுப்பு. மறுநாள் காலையில் மறுபடி சாவு. திருகைச் சந்தேகப்பட்டேன், ஜக்கைச் சந்தேகப்பட்டேன், மதியத் தூக்கத்தையும் சந்தேகப்பட்டேன்.

விடையை அம்மா சொன்னார், சோறு போட்டுக்கொண்டே. "கத்திரியில டேங்க் தண்ணி மேல ஊத்தினா பொசுக்குது, குளிக்க முடியல." மீன் தொட்டித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி டிரம்மில் போட்டேன். விடிகாலை 27 டிகிரி, மதியம் இரண்டு மணிக்கு 38. தண்ணீர் சூடானால் பிசுபிசுப்பு குறையும் என்பது தெரியும். இவ்வளவு என்று தெரியாது. இந்த 11 டிகிரிக்குள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே 83 நொடி காலையில் 1,850, மதியம் 2,320. நான் ஓட்டியது ஒரே சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெயில் இரண்டாக ஓட்டியிருக்கிறது. அதன் பிறகு காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். வெயிலில் கிடக்கும் டியூபே போகப் போகத் தண்ணீரைச் சூடாக்கும், டிரம்மில் மட்டும் அளந்தால் போதாது.

ஒழுங்காக எண்ணியது மூன்று காலைகள். ஒரு லிட்டரை அளந்தால் ஒரு நொடித் தவறு பெரிய தவறு என்று அக்கா மகள் ஐந்து லிட்டர் கேனுக்கு மாறினாள், ஐந்தால் வகுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேகத்திலும் இருபது தட்டு. 83 நொடியில் (1,850) இருபதில் ஒன்றுகூடக் கடைசி முனையைப் பார்க்கவில்லை. 81 நொடியில் (1,900) ஏழு போய்ச் சேர்ந்தன. 79 நொடியில் (1,950) பதினேழு. நான்கு நொடி வித்தியாசத்துக்குள் எல்லாம் தலைகீழாகிறது. ஆனாலும் பாருங்கள், எந்த இடத்திலும் இந்தப் பக்கம் எல்லாம் சாவு, அந்தப் பக்கம் எல்லாம் பிழைப்பு என்ற கோடு கிடையாது. ஒரே வேகம், ஒரே தட்டு, ஒன்று மூன்று மீட்டரில் போய்விடும், ஒன்று முப்பதைக் கடக்கும். அதைவிட வேடிக்கை, இருபது மீட்டர் பிழைத்து வந்த திட்டு களைத்துப் போயிருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அடுத்த மீட்டரில் அது சாகும் வாய்ப்பு, இப்போதுதான் பிறந்ததற்கு உள்ள அதே வாய்ப்பு. திட்டுக்கு வயது ஏறாது.

அப்படியானால் எல்லை எங்கே? திட்டுக்கு இரண்டு விதி உண்டு. ஒன்று சாவு, இன்னொன்று மதியம் பார்த்த மாதிரி குட்டி போடுவது. வேகம் கூடக் கூடச் சாக ஆகும் காலம் நீண்டுகொண்டே போகும், குட்டி போட ஆகும் காலம் சுருங்கிக்கொண்டே வரும். இரண்டும் சமமாகும் இடம்தான் நிஜ எல்லை. அதற்கு மேலே ஒரு திட்டு சாவதற்குள் இன்னொன்றை விட்டுப் போகும், குடும்பம் அறுந்து போகாது. ஜெர்மனியில் கோட்டிங்கனில் பியோர்ன் ஹோஃப் குழுவினர் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஆயிரக்கணக்கான தடவை தட்டிப் பார்த்து, கணினிக் கணக்கோடும் ஒப்பிட்டு, 2011-இல் அந்த எண்ணைச் சொன்னார்கள்: ஏறத்தாழ 2,040. ரெனால்ட்ஸ் தொடங்கி 128 வருஷம். இவ்வளவு நாள் ஏன் என்றால், அந்த எல்லையில் ஒரு திட்டு சாகவோ குட்டி போடவோ சராசரியாக ஏறத்தாழ இரண்டு கோடி விட்டங்கள் தூரம் போகிறது. என் டியூபுக்குக் கணக்குப் போட்டேன்: 194 கிலோமீட்டர். கல்லணையில் டிரம்மை வைத்து நேரே பூம்புகாருக்கு டியூபை விரித்தாலும் கடலுக்குள் நீட்ட வேண்டியிருக்கும். என் களத்தில் அந்த எல்லையைப் பார்க்கவே முடியாது. அதன் இரண்டு கரையையும் பார்க்கலாம். காலை ஒரு கரை, மதியம் ஒரு கரை.

ஒரு சாயங்காலம் அப்பா வந்து குனிந்து பார்த்தார். மதியச் சூடு இறங்காத தண்ணீர், திட்டுகள் பெருகிக்கொண்டிருந்தன. "புகையான் விழுந்த வயல் மாதிரியில்ல இருக்கு" என்றார். புகையான் என்பது நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, அது ஒரே ராத்திரியில் வயல் முழுக்க விழாது. எங்கோ நடுவில் ஒரு வட்டம் காயும், பக்கத்துத் தூருக்குத் தாவும். காற்றோட்டமான வயலில் அந்த வட்டத்தோடு நிற்கும். நெருக்கி நட்டு யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் வட்டங்கள் பெருகி ஒன்றோடொன்று சேரும். பக்கத்தில் இருப்பதிலிருந்துதான் தொற்று, தானாக எங்கும் முளைக்காது. கொந்தளிப்பும் இப்படித்தான் பரவும் என்று 1986-இல் ஈவ் போமோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஊகித்தார். காட்டுத் தீக்கும் தொற்றுநோய்க்கும் போடுகிற அதே கணக்கை இதற்கும் போடலாம் என்றார். 2016-இல் இரண்டு சோதனைகள் அதற்குப் பக்கபலமாக வந்தன. ஒன்று ஹோஃப் குழுவினருடையது. மற்றது டோக்கியோவில் சானோவும் தமாயும் செய்தது, குழாய்க்குப் பதிலாக மெல்லிய இடைவெளி விட்ட இரண்டு அகலத் தட்டுகளுக்கு நடுவே தண்ணீரை ஓட்டி. பௌதிகப் பேராசிரியர்கள் போட்ட கணக்கை அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவரிடம் சொன்னபோது, "மருந்து என்னன்னு கண்டுபுடிச்சாங்களா?" என்று கேட்டார்.

அதற்கும் பதில் இருக்கிறது. திட்டு எதைத் தின்று வாழ்கிறது என்று பார்த்தால் போதும். குழாயின் நடுவில் தண்ணீர் வேகமாகவும் சுவரை ஒட்டி மெதுவாகவும் ஓடுகிறது. நடுத் தண்ணீர் திட்டைவிட வேகமாகப் போவதால், பின்னாலிருந்து ஓயாமல் அதற்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். அங்கே சின்னச் சுழல்கள் சுவரோரத்து மந்தத் தண்ணீரைப் பெயர்த்து நடுவே தூக்கிப் போடுகின்றன, அந்த உரசலில் புதுச் சுழல்கள் பிறக்கின்றன. இந்த வேக வித்தியாசம்தான் தீனி. பின்முனை வெட்டியது போல் கூர்மையாக இருந்ததற்கும் இதுவே காரணம், சாப்பாடு அந்தப் பக்கமிருந்து வருகிறது. திட்டைக் கடந்து முன்னால் போகும் தண்ணீரில் அந்த வித்தியாசம் கரைந்து மட்டமாகிவிடும். அது மறுபடி பழைய வடிவத்துக்கு வரும்வரை அங்கே இன்னொரு திட்டு பிழைக்காது. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்களைப் பார்த்தால் தெரியும்: ஒரு கூட்டம் மேய்ந்துவிட்ட தாளடியில் இன்னொரு கூட்டத்தை ஓட்ட மாட்டார்கள், நாலு வயல் தள்ளித்தான் இறக்குவார்கள். நாங்கள் ஒரு காலையில் சிரிஞ்சை அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தோம். நெருக்கிப் பிறந்தால் முன்னால் போனது செத்துவிடுகிறது, பின்னால் வந்தது பிழைக்கிறது.

ஆக மருந்து என்பது தீனியை நிறுத்துவது. குழாயின் குறுக்கே வேகத்தை முதலிலேயே மட்டமாக்கிவிட்டால் கொந்தளிப்பு தானே அடங்கிவிடும் என்று ஹோஃப் குழுவினர் 2018-இல் செய்து காட்டினார்கள். உரசல் குறைந்தால் பம்புக்கு மின்சாரம் மிச்சம். மோட்டார் கட்டிப் பிழைக்கிற எனக்கு அது நல்ல செய்தியா என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் வாய்க்காலில் பார்க்கலாமா என்று கேட்டார்கள். முடியாது. வெண்ணாற்றில் ஓரளவு தண்ணீர் போகும் நாளில் ஆழம் ஒரு மீட்டர், வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்தாலே எண் ஆறு லட்சத்தைத் தாண்டும். அங்கே அமைதி என்பதே கிடையாது, அதனால்தான் வண்டல் படியாமல் வயல் வரைக்கும் வருகிறது. களத்துச் சிமெண்ட் தரையில் மெல்லிய ஏடாகத் தண்ணீர் விட்டும் பார்த்தேன். 1951-இல் அமெரிக்காவில் எம்மன்ஸ் அப்படிச் சாய்வுப் பலகையில் வழிந்த நீரில்தான், கொந்தளிப்பு அம்புமுனை போன்ற புள்ளிகளாகப் பிறந்து அகன்றுகொண்டே போவதைக் கண்டார். அந்தப் புள்ளிகளை வைத்துப் பெங்களூரில் சதீஷ் தவானும் ரொத்தம் நரசிம்மாவும் 1958-இல் எழுதிய ஆய்வு இன்றும் எடுத்தாளப்படுகிறது. இஸ்ரோ தலைவராகி ராக்கெட்டுக்குப் போவதற்கு முன்னால் தவான் பார்த்த வேலை அது. என் களத்தில் தெரிந்ததெல்லாம் மேற்பரப்பு அலையும், கொத்தனார் பூசிய தரையின் மேடுபள்ளமும். மேடுபள்ளத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் முதல் வாரம் நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது, களத்தைக் காலி செய்தோம். டிரம் வீட்டுக்கு, பட்டி பட்டறைக்கு, டியூப் சொன்னபடி கொத்தனாருக்கு. அலசித்தான் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு புது வீட்டு அஸ்திவாரத்தில் அவரைப் பார்த்தேன். டியூபின் உள்சுவரில் ஒட்டியிருந்த பொடி இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டிருக்கிறது போல, தண்ணீர் வெள்ளி வெள்ளியாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"தம்பி, அந்தப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். "வெயில்ல மட்டம் நல்லாத் தெரியுது."